எந்தக் கவுன்சிலர்?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையில் மோட்டார் ஓடவில்லை. நேற்று அரைத்த மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்து கிடந்தது. இந்த லட்சணத்தில் வாசலில் மனுவோடு ஆட்கள்.

மூன்றரை வருடமாக நான்தான் பதினாலாம் வார்டு கவுன்சிலர். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு என்பதால் நின்றேன், ஜெயித்தேன். ஆனால் ஊரில் கவுன்சிலர் என்றால் இவர்தான், பெயிண்ட் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர். மனுவை இவர் வாங்குவார். கையெழுத்தை நான் போடுவேன். வந்தவர்களுக்குக் காபியும் நான்தான் போடுவேன். இந்த டைரிகூடப் பெயிண்ட் கம்பெனிக்காரன் இவருக்குக் கொடுத்தது.

பத்து மணி வாக்கில் ஒரு பெண் வந்தாள். காலேஜ் படிக்கிற வயது. பெயர் பொன்மாரி.

"கவுன்சிலர் இருக்காங்களா?"

"நான்தான். சொல்லும்மா" என்றார் இவர், சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டு.

"இல்ல சார். லேடின்னு சொன்னாங்க."

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடித்ததுபோல் எனக்குள்ளே என்னவோ வெடித்தது. சந்தோஷம்தான். வேறென்ன? என்னையே தேடி ஒருத்தி வந்துவிட்டாள். இவரைக் கடைக்கு அனுப்பிவிட்டு அவளை உள்ளே உட்கார வைத்தேன்.

வகுப்புக்குள் கால் வைத்தாலே நெஞ்சு படபடவென்று அடிக்கிறதாம். தொண்டை அடைக்கிறதாம். ராத்திரி தூக்கம் இல்லையாம். கடைசியில் எப்படியும் குழாய்க்கோ சாக்கடைக்கோ வந்து சேருவாள் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. அரை மணி நேரம் அவள் மனசைப் பற்றியே பேசினாள். சூடாகப் பால் குடி, தலைக்கு எண்ணெய் வை, போனைத் தூக்கி அங்கிட்டுப் போடு என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரமும் வரட்டுமா என்று கேட்டாள். தாராளமாக வா என்றேன்.

மிருதுளாவுக்கு நாலு இட்லி மாடிக்குக் கொடுத்துவிட்டேன். மூன்று திரும்பி வந்தது. கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிற எங்கள் மகள், ஸ்டடி லீவில் வந்திருக்கிறாள். பரீட்சைக் கவலையில் சாப்பாடு இறங்காதுதானே.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தபால் ஆபீஸ் தெருவில் விளக்கு எரியவில்லை. மிருதுளாவுக்குப் பூரி. தட்டு போனபடியே வந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஹாஸ்டல் வார்டனிடமிருந்து போன். குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. அப்போது குக்கர் இறக்கியாகிவிட்டது. இருந்தாலும் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று மூன்று பேர்! மூவரும் என்னைத்தான் கேட்டு வந்தார்கள். இவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

முதலில் வந்த பாலிடெக்னிக் பையன் உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்தான். "ஆம்பளப் பிள்ள அழலாமாய்யா?" என்றேன். அழுகையை நிறுத்திவிட்டான். கூடவே பேச்சையும் நிறுத்திவிட்டான். காபியைக் குடித்துவிட்டு, "வாரேன் மேடம்" என்று போய்விட்டான். ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று பட்டது. என்ன தப்பு என்று தெரியவில்லை. அடுத்து வந்தவள் என் புத்திமதியைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

கடைசியாகப் பொன்மாரி. போன வாரத்தைவிடக் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"நீங்க சொன்ன மாதிரி பால் குடிச்சேன், எண்ணெ வச்சேன் மேடம். ஒண்ணும் சரியாவல. நான் காலேஜவே விட்டுறலாம்னு இருக்கேன்."

எதற்காகவோ மாடியை ஒரு தரம் பார்த்துக்கொண்டேன்.

"மேடம், நீங்க சைக்காலஜி எங்க படிச்சீங்க?"

"நானா? நான் பத்தாப்பு தாயி."

அவள் போனை எடுத்துக் காட்டினாள். காலேஜ் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்ததைப் படம் பிடித்திருக்கிறாள். 'மனதில் பாரமா? யாரிடமும் சொல்ல முடியவில்லையா? கவுன்சிலரிடம் பேசுங்கள். சனிக்கிழமைதோறும், சமுதாயக் கூடம், பதினாலாம் வார்டு. இலவசம். ரகசியம் காக்கப்படும்.'

இரண்டு தடவை படித்தேன். பிறகுதான் உறைத்தது. மனக்கஷ்டத்துக்கு ஆலோசனை சொல்ல யாரோ ஒரு கவுன்சிலர் வந்திருக்கிறார். பிள்ளைகள் சமுதாயக் கூடத்துக்குப் போயிருக்கிறார்கள். அங்கே கேட்டில் என்ன எழுதியிருக்கிறது? 'கவுன்சிலர் திருமதி செண்பகவல்லி, எண் 22, மேலத் தெரு'. இவரே பெயிண்ட் அடித்து மாட்டியது. படித்துவிட்டு மறுநாள் இங்கே வந்துவிட்டார்கள்.

"அப்ப நீங்க வார்டு கவுன்சிலரா? நான் சொன்னதெல்லாம்..." பொன்மாரி எழுந்தே விட்டாள்.

"உக்காரு. செண்பகவல்லி அம்மன் மேல ஆணையாச் சொல்லுதேன். நீ சொன்ன ஒரு சொல்லு இந்த வாசலத் தாண்டாது. அந்த ஆளு யாருன்னு நானே போய்ப் பாத்து உன்னயக் கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் காலேஜ விடாத."

அவள் போனதும் இவர் வந்து, "என்ன கேட்டுச்சு அந்தப் பிள்ள?" என்றார்.

"குழாய்" என்றேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றினேன். வழக்கமாக இவர் கயிற்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, அவரே இழுப்பார். இன்று நானே இழுத்தேன். மிருதுளா வரவில்லை. தலைவலி. ஆரஞ்சு மிட்டாய் இரண்டு கொண்டுபோய் மேசையில் வைத்தேன். புத்தகம் ஒன்றுகூட மேசையில் இல்லை. எல்லாம் போனிலேயே படிக்கிறார்கள் இப்போது.

ஆகஸ்ட் 16, சனி

இன்று சிரித்ததில் விலா வலிக்கிறது.

சமுதாயக் கூடத்துக்குப் போனேன். பாத்திரம் போட்டு வைக்கிற பின்னறை வாசலில் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். இடுப்பில் காலிக் குடம். உள்ளே ஒரு சின்னப் பெண், முப்பதுகூட இருக்காது, காகிதத்தில் மும்முரமாக எழுதிக்கொண்டிருக்கிறாள்.

"எத்தன நாளா தண்ணி வரலம்மா? அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"எப்படி இருக்கும்? ஆத்திரமா இருந்துச்சு தாயி" என்று ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

நான் போய் நின்றதும் அவள் நிமிர்ந்தாள்.

"நீங்களும் குழாயாம்மா?"

"இல்ல. நான்தான் கவுன்சிலர்."

உடனே மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கத்தைக் காகிதத்தை எடுத்து என் கையில் வைத்தாள். "ஒண்ணரை மாசமா உங்க வேலைய நான் பாத்துக்கிட்டு இருக்கேன். சாக்கடை தனி, குழாய் தனி. நாய்த் தொல்லை கடைசில இருக்கு."

"ரெண்டு வாரமா உன் வேலைய நான் பாத்துட்டேன் தாயி" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் குடங்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. அவள் பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடிப் பெண். ஒரு தொண்டு நிறுவனம் சனிக்கிழமைதோறும் அவளை இங்கே அனுப்புகிறது. வந்தது முதல் ஒரு காலேஜ் பிள்ளைகூட வரவில்லை, குழாய்தான் வந்தது என்றாள். நான் அவள் வேலையைக் கெடுத்தேன். அவள் என் வேலையை என்னைவிட நன்றாகவே பார்த்திருக்கிறாள். அந்தக் கிழவி போகிற போக்கில் என்னிடமே சொல்லிவிட்டுப் போகிறாள்: "புதுக் கவுன்சிலரு தங்கமான பிள்ள. தண்ணி இன்னும் வரல. ஆனா சொல்லுததக் காது குடுத்துக் கேக்காக."

பெயர் சொல்லாமல், நான் பிள்ளைகளுக்குச் சொன்ன வைத்தியத்தையெல்லாம் ஒப்பித்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"உக்கார வச்சுக் காபி குடுத்தீங்கள்ல? அது ரொம்ப நல்ல காரியம். பால், எண்ணெயெல்லாம் அப்புறம். மொதல்ல முழுசாக் கேட்டுருங்க. அழுதா அழட்டும், கூட இருங்க" என்றாள். தன்னால் முடிகிறதைத் தான் பார்ப்பாளாம். மருந்து வேண்டியவர்களைப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் அனுப்புவாளாம். யாராவது மிரட்டுகிறார்கள் என்றால் மகளிர் போலீஸுக்குக் கூடவே போவாளாம். அவசரத்துக்கு எந்த நேரமும் கூப்பிட இலவச போன் எண்களும் இருக்கின்றனவாம். இத்தனை வழி இருக்கிறது! கவுன்சிலராக இருந்துகொண்டு எனக்கு இதில் ஒன்றும் தெரியவில்லை.

"உங்களுக்குப் பிள்ளைங்க?" என்று கேட்டாள்.

"ஒரே மக. கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங். ஸ்டடி லீவுல வந்துருக்கா."

"எப்ப வந்தா?"

"ஜூன் கடைசில."

அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்ததுபோல் ஒரு அவசரம் எனக்கு. கிளம்பி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இவரிடம் சொல்லிப் புதிதாக ஒரு போர்டு எழுத வைத்தேன். 'குழாய், சாக்கடை, தெருவிளக்குக்குக் கவுன்சிலர் செண்பகவல்லி. மனக்கவலைக்குக் கவுன்சிலர் ஜெசிந்தா, பின்னறை.' மஞ்சளில் பச்சை எழுத்து. இரண்டு மைல் தூரத்திலிருந்து தெரியும் என்று இவருக்குப் பெருமை.

பொன்மாரி வந்ததும் காட்டினேன். அவள் பதறிவிட்டாள்.

"ஐயோ, இத மாட்டிராதீங்க மேடம்!"

"ஏன்?"

"இப்ப நான் அங்க போனா, குழாய்க்குப் போறான்னு நெனப்பாங்க. இந்தப் போர்டு இருந்துச்சுன்னா, பின்னறைக்குப் போற எல்லாரையும் 'இதுக்கு என்னமோ ஆயிப்போச்சு'ன்னுதான பேசுவாங்க? எங்கம்மா காதுக்குப் போயிரும். ஒரு பிள்ள வராது."

சரியாகத்தான் சொல்கிறாள். இந்த ஊரில் குழாய்க்கு வரிசையில் நிற்பது மானக்கேடு இல்லை. மனசுக்கு நின்றால்தான் தெருவே திரும்பிப் பார்க்கும்.

யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். போர்டு வேண்டாம். குழப்பம் அப்படியே இருக்கட்டும். இனி சனிக்கிழமை மனு வாங்குவதைச் சமுதாயக் கூடத்துக்கே மாற்றிவிடுகிறேன். முன்னால் நான், பின்னறையில் ஜெசிந்தா. யார் எதற்கு வந்தார்கள் என்று ஒரு பயலுக்கும் தெரியாது. கேட்டால் கவுன்சிலரைப் பார்க்க வந்தேன் என்று சொல்லலாம். பொய்யும் இல்லை.

"அப்ப வீட்டுல மனு கிடையாதா?" என்றார் இவர், தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு.

"கிடையாது. நீங்க கடையப் பாருங்க."

பாவம், அந்த மஞ்சள் போர்டு கோழிக்கூண்டுக்கு மேலே கூரையாகிவிட்டது.

ஆகஸ்ட் 23, சனி

கொடி கட்டாத திருவிழா. முன் வராந்தாவில் மேசை போட்டு நான் மனு வாங்கினேன். போன வாரக் கத்தையில் இருந்த குழாய்களில் பாதி சரியாகிவிட்டது. குடிநீர்ப் பிரிவு இன்ஜினியரை விடாமல் போனில் பிடித்ததில் வந்த பலன்.

பொன்மாரி வந்தாள். கையில் காலிக் குடம்! வரிசையில் ஒழுங்காக நின்று என்னிடம் வந்தாள். நானும் பெரிய மனுஷி மாதிரி, "பின்னாடி போய்ச் சொல்லும்மா" என்றேன். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். அழுதிருக்கிறாள், முகத்தையும் கழுவியிருக்கிறாள்.

வரிசையில் பக்கத்து வீட்டு ராமலட்சுமி மதினி. தெருவில் யார் தும்மினாலும் அவளுக்குத் தெரியும். "என்ன தாயி, உங்க தெருவுலயும் தண்ணி வரலயா?"

"இப்பதான் கொஞ்சம் வர ஆரம்பிச்சிருக்கு அத்தை" என்றாள் பொன்மாரி. என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். எனக்கு எழுந்து அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

பாலிடெக்னிக் பையனும் வந்தான். பொன்மாரி காதோடு சொல்லியிருப்பாள்போல, அவன் கையிலும் குடம். ஆண்பிள்ளை குடம் தூக்கி இந்த வார்டில் இன்றுதான் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

மாடிப்படியில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கினேன். மிருதுளாவின் கதவுக்கு நேரே. சாப்பிடு, குளி, வெளியே வா என்று ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம்! ஒரு கிலோ வெண்டைக்காயும் தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இன்று அவரைக்காய். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. நான் பாட்டுக்கு ஜெசிந்தாவின் கதையைச் சொன்னேன். குழாயைப் பற்றி 'உங்களுக்கு எப்படி இருந்துச்சு' என்று அவள் கேட்டதை, குடம் தூக்கிய பையனை. யார் பெயரையும் சொல்லவில்லை.

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "அவங்க உங்கிட்டச் சொல்லிருவாங்களா, யாரு என்ன பேசுனாங்கன்னு?"

"ஒரு வார்த்த சொல்ல மாட்டா. நான் கேட்டும் பாத்தாச்சு."

"வேற ஊர்ல படிக்கறவங்களும் போலாமா?"

என் நாக்கு நுனியில் நூறு வார்த்தை நின்றது. அத்தனையையும் விழுங்கிவிட்டு, "யாரு வேணா போலாம்" என்று மட்டும் சொன்னேன். அவரைக்காயோடு விரலையும் சேர்த்து நறுக்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை ஐந்து மாடிக்குப் போயிற்று. தட்டு காலியாகத் திரும்பி வந்தது. பூரணம்கூட ஒட்டவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

நல்ல கூட்டம். தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தேன். "அடுத்தது யாரு?" என்றேன். மேசைமேல் ஒரு குடத்தை வைத்தார்கள். எவர்சில்வர் குடம். வயிற்றில் ஒரு நெளிசல். போன தீபாவளிக்கு நான் கிணற்றடியில் போட்டு நெளித்த குடம். எங்கள் வீட்டுக் குடம்.

மிருதுளா நின்றுகொண்டிருந்தாள். தலை வாரியிருந்தாள். துப்பட்டா நுனியைக் கசக்கிக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்து இரண்டு தெரு தனியாக நடந்து வந்திருக்கிறாள். வரிசையிலும் நின்றிருக்கிறாள்.

"கவுன்சிலரப் பாக்கணும்."

"என்ன பிரச்சினை?" பழக்கதோஷத்தில் அதுதான் வாயில் வந்தது.

அவள் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "ஸ்டடி லீவு இல்லம்மா."

"தெரியும் தாயி."

ஆமாம், தெரியும். முதல் வாரத்திலேயே தெரியும். தெரிந்தேதான் இட்லியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"எந்தக் கவுன்சிலரப் பாக்கணும்?" என்றேன்.

"ரெண்டு பேரையும்தான். மொதல்ல உள்ள இருக்கறவங்க."

பின்னால் கையைக் காட்டினேன். குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். கதவு மூடியது. அடுத்து நின்ற அம்மா நாய்த் தொல்லையைப் பற்றி விலாவாரியாகச் சொன்னாள். நான் தலையாட்டினேன். என்ன எழுதினேன் என்று இப்போது எடுத்துப் பார்த்தால் 'குழாய்' என்று எழுதியிருக்கிறது.

சாயங்காலம் இவரிடம் மிருதுளாவே சொன்னாள். இவர் சத்தம் போடுவார் என்று பயந்தேன். இவரோ, "அந்தப் பின்னறைச் சுவரு ஒரே அழுக்கா இருக்குமே. பிள்ளைங்க உக்காந்து பேசுத எடம். நாளைக்கே ஆளக் கூட்டிட்டுப் போய் அடிச்சுக் குடுத்துருதேன்" என்றார்.

செப்டம்பர் 5, வெள்ளி

வார்டனுக்கு நானே போன் போட்டேன். இந்த செமஸ்டர் லீவு எழுதிக் கொடுக்கலாமாம். மிருதுளாவை டாக்டரிடம் காட்டச் சொல்லி ஜெசிந்தா எழுதிக் கொடுத்தாள், காட்டிவிட்டு வந்தோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். நேற்று முழுக்கக் கதவு மூடித்தான் இருந்தது. இன்று திறந்திருக்கிறது. இவர் தானே பெயிண்ட் அடிக்கிறேன் என்று இறங்கியிருக்கிறார், ஆள் வைக்கவில்லை. பின்னறைக்கு இளம்பச்சை. ஜெசிந்தாவுக்கு நீலம்தான் பிடிக்குமாம். கவுன்சிலர்கள் இருவரும் பேசி முடிவெடுங்கள் என்று இவர் ஒதுங்கிக்கொண்டார்.

செப்டம்பர் 6, சனி

இதை எழுதும்போதும் சிரிப்பு வருகிறது.

கூட்டம் முடிந்து நானும் மிருதுளாவும் வாசலுக்கு வந்தோம். ராமலட்சுமி மதினி பிடித்துக்கொண்டாள்.

"என்ன மிருது, இன்னுமா ஸ்டடி லீவு?"

நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் மிருதுளாவே சொல்லிவிட்டாள்.

"இல்ல அத்தை. கொஞ்ச நாளா மனசு சரியில்ல. அதான் கவுன்சிலரப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

மதினி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மிருதுளாவின் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையான அக்கறையோடு சொன்னாள்: "இவளையா? வேண்டாம் தாயி. எங்க வீட்டுக் குழாய்க்குச் சொல்லி ஆறு மாசமாச்சு, இன்னும் ஒண்ணும் நடக்கல. நீ நல்ல ஆளா வேற யாரையாச்சும் பாரு!"

மிருதுளா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, முடியாமல் என் தோளில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பின்னறையில் இரண்டாம் கோட்டிங் அடித்துக்கொண்டிருந்த இவர், முகமெல்லாம் பச்சைப் புள்ளியோடு, கையில் பிரஷ்ஷோடு ஓடி வந்தார். "யாரு சிரிச்சது? மிருதுவா?" என்று கேட்டுவிட்டு, என்ன விஷயம் என்றே தெரியாமல் அவரும் சேர்ந்து சிரித்தார்.

திங்கட்கிழமை முதல் வேலையாக மதினி வீட்டுக் குழாய்.